சதுரங்கம் சிலருக்குக் கசப்பது ஏன்?

கரும்பு தின்னக் கூலியா என்பார்கள். ஆயினும், கரும்பு வேண்டாம் என்று கையை உதறுகிறவர்களும் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். அத்தகையவரைப் பார்த்து, “உனக்குப் பல் இல்லை” என்று நாம் சொல்லிவிடுவதில்லை. அவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று விட்டுவிடுகிறோம். சதுரங்கம் ஒன்றில்தான் இந்தப் பெருந்தன்மை நம்மிடம் காணப்படுவதில்லை. “எனக்குச் சதுரங்கம் பிடிக்காது” என்று ஒருவர் சொன்னால், “உமக்கு மூளை போதாது” என்று வாய் திறந்து சொல்லாவிட்டாலும், மனத்துக்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அத்தீர்ப்பு நியாயமானதுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாகபுரியில் வாழும் நமக்கு இது வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சி அன்று. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த போட்டியில், சென்னையைச் சேர்ந்த குகேஷ் தமது 18-ஆம் வயதில் உலகச் சாம்பியன் பட்டத்தை வென்றார். 2025 ஜூலையில் ஜார்ஜியா நாட்டுப் பதூமி நகரில், இந்த நாகபுரியிலே பிறந்து வளர்ந்த திவ்யா தேஷ்முக் மகளிர் உலகக் கோப்பையை வென்றார். பிறந்த மண்ணும் பிழைக்க வந்த மண்ணும் எட்டு மாத இடைவெளிக்குள் சதுரங்கத்தில் கொடி நாட்டிவிட்டன. நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மகிழ்ச்சியின் பாரம் யார் தலையில் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளின் தலையில்! பள்ளிக்கூடத்தில், “நீ மதராசிதானே, உனக்குச் சதுரங்கம் வருமே!” என்கிறார்கள். வீட்டில், “இந்த ஊர்ப் பெண்ணே ஜெயித்துவிட்டாள், உனக்கு என்ன கேடு?” என்கிறார்கள்.

நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் சதுரங்க வகுப்புக்கு முதல் மாதத்தில் உட்கார இடமில்லை. இப்போது பாதிக்கும் குறைவான பிள்ளைகளே வருகின்றனர். நின்றுபோன பிள்ளைகளின் தாய்மார்கள் வராந்தாவில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதைக் கேட்டால் மனம் நோகிறது. “எங்கள் பையனுக்கு அவ்வளவுதான் புத்தி” என்று ஒருவர் சொல்ல, மற்றொருவர் தேறுதல் கூறுகிறார். அந்தப் பையனோ பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். இது போதாதென்று, வரும் பொங்கல் விழாவில் தாயம், பல்லாங்குழி, காரம் முதலிய போட்டிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் சதுரங்கப் போட்டி ஒன்றையே நடத்தலாம் என்று அன்பர்கள் சிலர் யோசனை கூறுகின்றனர். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் முடிவு செய்யுமுன், சதுரங்கத்தை வெறுப்பவர்கள் ஏன் வெறுக்கிறார்கள் என்று ஒரு முறை கேட்டுவிட வேண்டாமா?

வெறுத்தவர்கள் யார்?

முதலில், சதுரங்கத்தை வேண்டாதவர் எல்லாரும் அறிவு குறைந்தவர் என்ற எண்ணத்தைத் தீர்த்துவிடுவோம். 16-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்த மொந்தேன், கட்டுரை என்னும் இலக்கிய வகைக்கே தந்தை எனப் போற்றப்படுபவர். அவருக்குச் சதுரங்கம் பிடிக்காது. விளையாட்டு என்று சொல்வதற்கு அதில் விளையாட்டுத்தன்மை போதவில்லை, பொழுதுபோக்குக்கு உரியதைவிட அதிகமான கருத்தை அது பிடுங்கிக்கொள்கிறது என்பது அவர் கூறிய காரணம்.

விஞ்ஞான மேதை ஐன்ஸ்டீனை எடுத்துக்கொள்ளுங்கள். 1894 முதல் 1921 வரை 27 ஆண்டுகள் உலகச் சாம்பியனாக விளங்கிய எமானுவேல் லாஸ்கர் அவருக்கு நண்பர். லாஸ்கரின் வாழ்க்கை வரலாற்று நூல் ஒன்று 1952-இல் வெளிவந்தபோது, அதற்கு ஐன்ஸ்டீன் முன்னுரை எழுதினார். நண்பரின் அறிவைப் பாராட்டிய அதே முன்னுரையில், ஓர் அறிவு விளையாட்டின் உருவில் வெளிப்படும் அதிகாரப் போராட்டமும் போட்டி மனப்பான்மையும் தமக்கு எப்போதுமே அருவருப்பாக இருந்து வந்தன என்று ஒளிவுமறைவின்றி எழுதிவிட்டார். ஐன்ஸ்டீனுக்கு மூளை போதாது என்று சொல்ல யாரும் துணிய மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மூன்றாமவர் நம் நாட்டவர். பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான், நம் நாட்டுப் பழைய முறைப்படி சதுரங்கம் கற்றவர். சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் செல்லும் ஐரோப்பிய விதி அம்முறையில் கிடையாது. 1929-இல் அவர் லண்டனுக்குச் சென்று, புதிய விதிகளைப் பழகிக்கொண்டு, அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். 1932-லும் 1933-லும் மீண்டும் வென்றார். உலகச் சாம்பியனாக இருந்த காப்பபிளாங்காவையே ஓர் ஆட்டத்தில் தோற்கடித்தார். அதன்பின் ஊர் திரும்பி, 1966-இல் காலமாகும் வரை பெரும்போட்டி எதற்கும் செல்லாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார். தம் பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கப் பயிற்சி அளிக்கவில்லை. வாழ்க்கையில் இதைவிடப் பயனுள்ள காரியம் எதையாவது செய்யுங்கள் என்று அவர் கூறியதாக அவருடைய மூத்த மகன் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆட்டத்தின் உச்சியைக் கண்டவரே தம் வீட்டில் அதை வற்புறுத்தவில்லை என்றால், நாம் சற்றே நின்று யோசிக்கலாம் அல்லவா?

பழி போட இடமில்லை

இனிக் காரணங்களுக்கு வருவோம். நம் வகுப்பிலிருந்து நின்றுவிட்ட பத்து வயதுச் சிறுவன் ஒருவனிடம், “ஏனப்பா வருவதில்லை?” என்று விசாரித்தேன். அவன் சொன்ன பதிலை எந்தப் பேராசிரியரும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.

“மாமா, காரம்ல காய் விழலேன்னா பவுடர் சரியில்லேன்னு சொல்லலாம். தாயத்துல தோத்தா, தாயம் விழலேன்னு சொல்லலாம். இதுல தோத்தா என்ன சொல்றது?”

உண்மைதான். சதுரங்கத்தில் தோற்றவனுக்குச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. கிரிக்கெட்டில் டாஸ் உண்டு, மழை உண்டு, நடுவரின் தவறு உண்டு, பதினொரு பேரில் ஒருவர் நழுவவிட்ட பந்து உண்டு. சீட்டாட்டத்தில் கைக்கு வந்த சீட்டு உண்டு. சதுரங்கத்திலோ இருவருக்கும் பதினாறு பதினாறு காய்கள். இருவர் கண்ணுக்கும் 64 கட்டங்களும் திறந்தே கிடக்கின்றன. வெள்ளைக் காய்க்காரர் முதலில் நகர்த்துகிறார் என்ற சிறு அனுகூலம் ஒன்றைத் தவிர, மறைவு என்பதும் அதிர்ஷ்டம் என்பதும் இல்லவே இல்லை. ஆகவே தோல்வி முழுவதும் தோற்றவன் தலையிலேயே வந்து விழுகிறது.

ரயில்வேயில் வேலை பார்க்கும் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வண்டி நாற்பது நிமிஷம் தாமதமானால், இத்தனை நிமிஷம் சிக்னலுக்கு, இத்தனை நிமிஷம் என்ஜினுக்கு, இத்தனை நிமிஷம் பாதை வேலைக்கு என்று இலாகாவாரியாகப் பிரித்து எழுதுகிறோம். நாற்பது நிமிஷத்தையும் ஒரே ஆள் பெயரில் எழுதினால் அந்த மனிதர் அன்றிரவு தூங்குவாரா? சதுரங்கம் அப்படித்தான் எழுதுகிறது. பெரியவர்களுக்கே தாங்காத அந்தக் கணக்கைப் பத்து வயதுப் பிள்ளை தாங்க வேண்டும் என்கிறோம்.

நம் முன்னோர்கள் ஆடிய ஆட்டங்களில் இந்தக் கடுமை எல்லா இடத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை. சுமார் 1030-ஆம் ஆண்டில் இந்தியாவைப் பற்றிப் பெருநூல் எழுதிய அல்பிரூனி, நால்வர் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி ஆடிய ஒரு வகைச் சதுரங்கத்தை வருணித்திருக்கிறார். பகடை சொல்கிறபடி காய் நகரும்போது, தோற்றவன் பகடையைத் திட்டிவிட்டு எழுந்திருக்கலாம். அந்த ஆறுதல் இன்றைய ஆட்டத்தில் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அதிர்ஷ்டம் கலவாத அந்தத் தூய்மையையே சிலர் உயிராக மதிக்கிறார்கள். சிலருக்கு அதுவே எட்டிக்காயாகக் கசக்கிறது. ஒரே குணம், இருவர் நாக்கில் இருவேறு சுவை.

நீண்டு நடக்கும் தோல்வி

இரண்டாவது காரணம், தோல்வி வரும் விதம். ஓட்டப் பந்தயத்தில் பின்தங்கியவன் அரை நிமிஷத்தில் கோட்டைத் தாண்டிவிடுகிறான். சதுரங்கத்திலோ யானை ஒன்றை இழந்தவன், தோற்பது உறுதி என்று தெரிந்துகொண்டே இன்னும் அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். எதிராளி ஒவ்வொரு காயாக வாங்கித் தன் பக்கத்தில் வரிசையாக அடுக்கிவைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் ஒப்புக்கொண்டு எழலாம் என்பது விதி. ஆனால் பக்கத்தில் நிற்கும் தகப்பனார், “முயற்சி பண்ணுடா!” என்று தோளைப் பிடித்து அமுக்கிவிடுகிறார்.

அத்துடன், வல்லவனுக்கும் எளியவனுக்கும் உள்ள தூரம் இந்த ஆட்டத்தில் மறைவதே இல்லை. அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராக இருந்த ஆர்பட் ஈலோ என்பவர் ஆட்டக்காரர்களின் வலிமையை எண்ணால் குறிக்கும் முறையை வகுத்தார். உலகச் சதுரங்க சம்மேளனம் 1970-இல் அதனை ஏற்றுக்கொண்டது. அம்முறைப்படி, இருவருக்கிடையே 400 புள்ளி வேறுபாடு இருந்தால், 11 ஆட்டங்களில் சுமார் 10 ஆட்டங்களின் பலன் வலியவருக்கே போய்ச் சேரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. புத்தகம் படித்துத் தேறிய அண்ணனுக்கும், புதிதாகக் கற்ற தம்பிக்கும் உள்ள தூரம் இதைவிட மிகுதி. தாயத்தில் பாட்டியைப் பேரன் வெல்வான், மறுநாள் பேரனைப் பாட்டி வெல்வாள். அதனால்தான் இருவரும் மூன்றாம் நாளும் ஆட உட்காருகிறார்கள். சதுரங்கத்தில் தம்பி திங்களும் தோற்பான், செவ்வாயும் தோற்பான். புதன்கிழமை அவன் காய்ப்பெட்டியை ஒளித்து வைத்தால், அதற்குப் பெயர் மந்த புத்தியா, தன்மானமா?

பேசாத இரண்டு மணி நேரம்

மூன்றாவது காரணம் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கு உரியது. பார்சல் ஆபீஸில் பணியாற்றும் மூத்த அன்பர் ஒருவரைச் சங்கத்தில் சதுரங்கம் ஆட அழைத்தேன். அவர் கைகூப்பிவிட்டார்.

“தம்பி, ஆறு நாளும் ஹிந்தியும் மராத்தியும் பேசிப் பேசி நாக்கு வறண்டு போச்சு. ஞாயிற்றுக்கிழமை நாலு வார்த்தை தமிழ் பேசலாம்னு வந்தா, எதிரே உட்கார்ந்துக்கிட்டு ரெண்டு மணி நேரம் பேசாதேங்கறீங்களே!”

அவர் சொன்னதில் நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் நெஞ்சம் முழுவதும் இருக்கிறது. நாம் சங்கத்துக்கு வருவது காய் நகர்த்த மட்டுமா? யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு மாற்றல் உத்தரவு, ஊரில் மழை பெய்ததா, அரிசி என்ன விலை என்று கேட்டுக்கொள்ளத்தான் வருகிறோம். சீட்டாட்டமும் காரமும் பேச்சுக்கு இடம் கொடுக்கின்றன. ஆட்டம் கையில் நடக்க, பேச்சு வாயில் நடக்கிறது. சதுரங்கம் மௌனத்தைக் கேட்கிறது. மௌனத்தில் இன்பம் காண்பவர்கள் உண்டு. பேச்சுக்கு ஏங்கி வந்தவரிடம் போய் மௌனத்தைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்?

நம் பிள்ளைகளுக்கு மொழியிலேயே ஒரு சிக்கலும் உண்டு. நாம் ராணி என்பதை இவ்வூரார் வஜீர் என்கிறார்கள். வஜீர் என்றால் மந்திரி. நாம் மந்திரி என்று சொல்லும் காயோ இவர்களுக்கு ஊண்ட், அதாவது ஒட்டகம்! “மந்திரியை நகர்த்தடா” என்று அப்பா சொல்ல, பள்ளியில் கற்ற பிள்ளை ராணியை நகர்த்த, “இதுகூடத் தெரியவில்லையே!” என்று வசவு விழுகிறது. வைதவர் அந்தப் பிள்ளையின் இரண்டு மொழியறிவைப் பாராட்டியிருக்க வேண்டும்.

மனப்பாடத்தின் சுமை

நான்காவது காரணம், சற்று முன்னேறியவர்களைப் பிடிக்கும் சலிப்பு. முதல் நகர்வுக்கு வெள்ளைக்காரருக்கு 20 வழிகள், கறுப்புக்காரருக்கும் 20 வழிகள். ஆளுக்கு ஒரு நகர்வு முடிந்தவுடன் பலகை 400 விதமாக இருக்கக்கூடும். ஆளுக்கு இரண்டு நகர்வுகள் முடிந்தாலோ, அவை நிகழ்ந்திருக்கக்கூடிய வகைகள் 197,281 ஆகிவிடுகின்றன. இக்காட்டில் வழி தெரிய, முன்னோர் நடந்து தேர்ந்த பாதைகளைத் தொடக்க ஆட்டங்கள் என்று பெயரிட்டு மனப்பாடம் செய்கிறார்கள். பள்ளிப் பாடத்தை நெட்டுருப் போட்டுவிட்டு விளையாட வரும் பிள்ளைக்கு, விளையாட்டிலும் ஒரு நெட்டுரு காத்திருக்கிறது!

இந்தச் சலிப்பு சாமானியருக்கு மட்டும் வந்ததென்று எண்ணவேண்டாம். 1972-இல் உலகச் சாம்பியன் ஆன பாபி பிஷரே, மனப்பாடம் ஆட்டத்தைக் கொன்றுவிட்டது என்று மனம் கசந்தார். 1996-இல் அர்ஜென்டினாவின் போனஸ் அயர்ஸ் நகரில் அவர் ஒரு புதிய முறையை அறிவித்தார். கடைசி வரிசைக் காய்களை ஆட்டத்துக்கு ஆட்டம் சீட்டுக் குலுக்குவதுபோல் மாற்றி அடுக்கவேண்டும், அதற்கு 960 வகைகள் உண்டு என்றார். மனப்பாடம் பலிக்காமல் சொந்த யோசனையால் ஆட வேண்டும் என்பதே அவர் நோக்கம். உலகச் சாம்பியனுக்கே வந்த கசப்பு நம் வீட்டு எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு வரக்கூடாதா?

மூளையை அளக்கும் கோலா?

மேலே கூறிய நான்கும் ஆட்டத்தின் இயல்பிலிருந்து எழுபவை. அவற்றை மாற்ற நம்மால் இயலாது. ஆனால் ஐந்தாவதாக ஒரு காரணம் இருக்கிறது. அது ஆட்டத்தினுடையது அன்று, நம்முடையது. சதுரங்கத்தை மூளையை அளக்கும் கோலாக நாம் ஆக்கிவிட்டோம். காரத்தில் தோற்ற பிள்ளை ஓர் ஆட்டத்தில் தோற்கிறது. சதுரங்கத்தில் தோற்ற பிள்ளை, தான் முட்டாள் என்பதற்கு நாலு பேர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக நினைக்கிறது. முன்னமே தோல்வியில் பழி போட இடம் இல்லை. அந்தத் தோல்விக்கு ‘மூளையின்மை’ என்ற பொருளையும் ஏற்றிவிட்டால், எந்தப் பிள்ளைதான் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கும்?

இந்த அளவுகோல் சரியானதுதானா என்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். 1973-இல் சேஸ், சைமன் என்னும் இரண்டு அமெரிக்க அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுக்கட்டத்தைச் சில வினாடிகளே காட்டி, நினைவிலிருந்து காய்களை அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாக அடுக்கிவிட்டார். புதியவருக்கு நான்கைந்து காய்களே நினைவில் நின்றன. பிறகு காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினார்கள். அப்போது தேர்ந்தவரின் நினைவாற்றலும் புதியவரின் நிலைக்கே இறங்கிவிட்டது! தேர்ந்தவரிடம் இருந்தது எதையும் விழுங்கும் பேரறிவு அன்று. பல்லாண்டு ஆடி ஆடிச் சேமித்த சதுரங்கக் காட்சிகளின் களஞ்சியமே அது. பழகிய கார்டுக்கு ஒவ்வொரு கைகாட்டியும் தெரிவதுபோல, பழகிய ஆட்டக்காரருக்குப் பலகை தெரிகிறது.

சதுரங்கம் கற்றால் கணக்கு தானே வரும் என்றும் நம்மிடையே ஒரு நம்பிக்கை நிலவுகிறது. இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். சில பள்ளிகளில் 30 மணி நேரம் சதுரங்கம் கற்பித்து, மற்றப் பள்ளிகளை வழக்கம்போல் விட்டுவிட்டு, ஓராண்டு கழித்துக் கணக்குத் தேர்வில் இரு சாராரையும் ஒப்பிட்டார்கள். 2016-இல் வெளியான அறிக்கையின்படி, இரு சாராருக்கும் கணக்கில் வேறுபாடு காணப்படவில்லை. எனவே சதுரங்கம் ஆடினால் சதுரங்கம் வரும், அதில் இன்பமும் வரும். கணக்கு வரவேண்டுமானால் கணக்குத்தான் போட வேண்டும்.

ஒரு காலத்தில் நம் பெரியவர்களின் அளவுகோல் தலைகீழாக இருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஹிந்தி எழுத்தாளர் பிரேம்சந்த் 1924-இல் சதுரங்க ஆட்டக்காரர்களைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினார். 1856-இல் அயோத்தி நவாபின் ராஜ்யத்தை ஆங்கிலேயர் கைப்பற்றும் வேளையில், லக்னோவின் பிரபுக்கள் இருவர் மனைவியையும் மறந்து, நாட்டையும் மறந்து காய் நகர்த்திக்கொண்டிருக்கும் கதை அது. 1977-இல் சத்யஜித் ராய் அதைத் திரைப்படமாக்கினார். அன்று சதுரங்கம் உதவாக்கரையின் அடையாளம், இன்று புத்திசாலியின் அடையாளம். பலகையும் காயும் மாறவில்லை. அவற்றின்மேல் நாம் ஏற்றும் பொருள்தான் மாறிக்கொண்டிருக்கிறது.

நம் தஞ்சைத் தரணியிலே, நீடாமங்கலத்துக்கு அருகில் திருப்பூவனூர் என்னும் பாடல் பெற்ற தலம் இருக்கிறது. அங்கே இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். யாராலும் வெல்ல முடியாத அரசகுமாரியை இறைவனே முதியவராக வந்து சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது தல வரலாறு. அங்கும் ஆட்டம் ஆட்டத்துக்காக நடக்கவில்லை. ஒரு பெண்ணின் திருமணமே பணயமாக வைக்கப்பட்டது. இறைவன் ஆடியதால் எல்லாம் சுபமாக முடிந்தது. நாமோ பிள்ளையின் சுயமரியாதையைப் பணயமாக வைக்கிறோம். அதைத் தோற்றால் யார் மீட்டுக் கொடுப்பது?

நாம் செய்யத்தக்கவை

இவ்வளவும் சொன்னதால் நான் சதுரங்கத்தின் விரோதி என்று அன்பர்கள் எண்ணிவிடலாகாது. 1961-இல் நம் நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன மானுவேல் ஆரனும், 1988-இல் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன விசுவநாதன் ஆனந்தும் நம் தமிழகத்தின் பெருமைகள். ஆனந்தின் தந்தையார் தெற்கு ரயில்வேயில் உயர்பதவி வகித்தவர் என்பதில் எங்களுக்குத் தனிப் பெருமையும் உண்டு. ஆறு வயதில் ஆனந்துக்கு ஆட்டத்தைக் கற்பித்தவர் அவருடைய தாயார். கற்பித்தது தாய், பிடித்துக்கொண்டது பிள்ளை. இரண்டாவது நடக்காவிட்டால் முதலாவதால் பயன் இல்லை.

ஆகவே, என் சிற்றறிவுக்கு எட்டிய சில யோசனைகளைச் சங்கத்தாரின் முன் வைக்கிறேன்.

முதலாவது, வலியவர் எளியவருடன் ஆடும்போது காய் கொடுத்து ஆடலாம். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய ஆட்டக்காரர்களே, எதிராளியின் தரத்துக்கு ஏற்ப ஒரு சிப்பாயையோ, குதிரையையோ, யானையையோ தம் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு ஆடுவது பெருவழக்காக இருந்தது. அண்ணன் ஒரு யானையைப் பெட்டியில் போட்டுவிட்டு ஆடட்டும். தம்பி புதன்கிழமையும் ஆட வருவான்.

இரண்டாவது, தொடக்கத்தில் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் வைத்து ஆடும் சிறு ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். தோல்வியும் பத்து நிமிஷத்தோடு போய்விடும்.

மூன்றாவது, பக்கத்துக்கு இருவராகச் சேர்ந்து, கலந்து பேசி ஆடும் முறையை ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்துக்கொள்ளலாம். “குதிரையைத் தூக்கு”, “ஐயோ, யானை போய்விடும்” என்று தமிழிலே வாதாடிக்கொண்டு ஆடினால், பார்சல் ஆபீஸ் அன்பரும் வந்து உட்காருவார். பழியிலும் பாதி, பக்கத்தில் இருப்பவருக்குப் போய்விடும்!

நான்காவது, இவையெல்லாம் செய்த பிறகும் ஒரு பிள்ளை, “எனக்கு வேண்டாம்” என்றால், அதை ஒரு விருப்பமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். குறையாக எழுதிவைக்கலாகாது. பாகற்காய் பிடிக்காத பிள்ளையைப் பற்றி வராந்தாவில் நின்று யாரும் தாழ்ந்த குரலில் பேசுவதில்லையே!

பொங்கல் விழாவில் சதுரங்கப் போட்டி அவசியம் நடக்கட்டும். அதன் பக்கத்திலேயே தாயமும் பல்லாங்குழியும் காரமும் வழக்கம்போல் நடக்கட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுப் பரிசுக் கோப்பை கொடுக்கும்படி காரியக் கமிட்டியாரைக் கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர்களிடம் என் வேண்டுகோள் இதைவிடச் சிறியது. போட்டிக்குப் பெயர் கொடுக்கும் தாளில் ‘எந்த விளையாட்டு?’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்புமுன், அடுத்த அறையில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.